கம்பியில்லாக் கருவியும் கடல்கடந்த மின்னேற்றியும்

நமது கல்லூரியின் பழைய மாணவர் இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் ஒஸ்லோவிலும் பரந்து வாழ்கின்றனர். ஊர் திரும்புங்கால் அவர்தம் பெட்டிகளில் முன்னெல்லாம் இனிப்பும் துணிமணியும் நறுமணத் தைலமுமே நிறைந்திருந்தன. அண்மைக் காலத்தில் அவற்றோடு வேறொரு பொருளும் வரக் காண்கின்றோம். அது கம்பியின்றி, மின்கலப் பொதியொன்றின் வலிமையால் இயங்கும் கைக்கருவி. சுவரையும் மரத்தையும் துளைப்பது, திருகாணி முடுக்குவது, பலகை அறுப்பது, இரும்பு தேய்ப்பது எனப் பல தொழில்களுக்கும் இத்தகைய கருவிகள் உள. தச்சுத் தொழில் புரியும் தமையனுக்கும், வீடு திருத்தும் தந்தைக்கும், தாம் கற்ற கல்லூரியின் தொழினுட்பக் கூடத்திற்கும் இவற்றை அன்போடு கொணர்கின்றனர். உயர்தர வகுப்பில் 2013 ஆம் ஆண்டு தொழினுட்பப் பிரிவு தொடங்கப்பெற்ற பின்னர் இத்தகைய அன்பளிப்புக்களுக்குப் பாடசாலைகளில் நல்ல தேவையும் உண்டாயிற்று.

ஆயினும் இவற்றுட் சில வந்த அன்றே பயனிழந்து விடுகின்றன. பெட்டி திறக்கப்படுகின்றது, மின்னேற்றி சுவர்க் குதையிற் செருகப்படுகின்றது, பட்டென்று ஓர் ஓசை, சிறிது புகை, கரிந்த மணம். பின்னர் கருவியும் பொதியும் மின்னேற்றியும் ஒருங்கே அலுமாரியுட் சென்று உறங்குகின்றன. அனுப்பியவருக்கு இதனைச் சொல்ல யாரும் துணிவதில்லை. அவரோ குளிரிலும் பனியிலும் உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கியவர். அடுத்த ஆண்டும் அதே கடையில் அதே வகைக் கருவியை வாங்கி அனுப்புவார்.

தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என்று வினவுவார் உளராயின், நாம் கூறும் விடை ஒன்றே. இக்கேடு மின்னியல் அறியாமையால் விளைவதன்று; மின்னேற்றியின் அடிப்புறத்தில் அச்சிடப்பட்ட ஒன்றரை வரியை வாசியாமையால் விளைவது. சிறு வரியைப் பொருளறிந்து வாசித்தலே நம் தொழிலாதலின், இதனைப் பற்றி எழுத நமக்கும் சிறிது உரிமையுண்டு.

முதலிற் சொற்களை வரையறுத்துக்கொள்வோம். ஈழத்துப் பாடநூல்கள் ஆடலோட்டம் என்பதைத் தமிழகத்தார் மாறுதிசை மின்னோட்டம் என்பர். நாம் மீடிறன் என்பதை அவர் அதிர்வெண் என்பர். நமது நிலைமாற்றி அவர்க்கு மின்மாற்றி. இக்கட்டுரையில் நம் நாட்டு வழக்கையே கொண்டுள்ளோம். சுவர்க் குதையில் வருவது ஆடலோட்டம். அது முன்னும் பின்னுமாகத் திசைமாறிக்கொண்டே இருப்பது. நம் நாட்டில் அதன் அளவு 230 வோல்ற்று; அது செக்கனுக்கு 50 முறை அலைகின்றது. மின்கலத்தில் இருப்பதோ நேரோட்டம். ஒரே திசையிற் செல்வது. கருவியை இயக்குவது இந்த நேரோட்டமே.

கையிற் பிடிக்கும் மின் துளைகருவியை ஜேர்மனியில் ஸ்ருட்காட் நகரத்து ஃபைன் நிறுவனத்தார் 1895 ஆம் ஆண்டிலேயே செய்தனர். அதனைக் கம்பியினின்று விடுவிக்க மேலும் 66 ஆண்டுகள் சென்றன. அமெரிக்காவின் பிளாக் அன்ட் டெக்கர் நிறுவனம் 1961 இல் நிக்கல்-கட்மியக் கலங்களால் இயங்கும் துளைகருவியை விற்பனைக்கு விட்டது. பத்து ஆண்டுகளின் பின், 1971 இல், அப்பொலோ 15 விண்வெளிவீரர் சந்திரத் தரையைத் துளைத்ததும் மின்கலத்தால் இயங்கிய கருவி கொண்டே. அங்கே சுவர்க் குதை ஏது! ஆயினும் நிக்கல்-கட்மியக் கலம் கனமானது, ஒன்றுக்கு 1.2 வோல்ற்றே தருவது. இன்றைய கருவிகளின் வலிமை இலிதியம்-அயன் கலத்தால் வந்தது. அக்கலம் 1991 இல் சந்தைக்கு வந்தது. அதனை உருவாக்கிய ஜோன் குடினஃப், ஸ்ரான்லி விற்றிங்ஹம், அக்கிரா யொஷினோ ஆகிய மூவரும் 2019 இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இலிதியம்-அயன் கலம் ஒன்று சராசரியாக 3.6 வோல்ற்றுத் தருவது. ஐந்து கலங்களைத் தொடராக இணைத்தால் 18 வோல்ற்று. நிறைய ஏற்றிய கலம் ஏறக்குறைய 4.2 வோல்ற்று ஆதலின், அப்பொழுது அதே ஐந்து கலங்கள் 21 வோல்ற்றுக் காட்டும். இங்கே வாங்குவோர் மயங்கும் இடமொன்று உண்டு. வட அமெரிக்காவில் 20 வோல்ற்று எனப் பெயர் பொறித்து விற்கப்படும் டிவோல்ற் பொதியும் ஐரோப்பாவில் 18 வோல்ற்று என விற்கப்படும் அதே நிறுவனத்தின் பொதியும் உள்ளே ஒன்றே. ஒருவர் உச்சத்தைச் சொல்கின்றார். மற்றவர் சராசரியைச் சொல்கின்றார். ஒருவனையே தாய்வழியில் மருமகன் என்றும் தந்தைவழியில் மகன் என்றும் அழைப்பது போன்றது இது. "கனடாவில் 20, இங்கே 18, ஆகவே பொருந்தாது" என்று அஞ்சி நல்ல பொதியை ஒதுக்கியவரை நாம் அறிவோம். இன்னொரு புறத்தில், மலிவுச் சந்தைக் கருவிகள் சிலவற்றில் 88 என்றும் 98 என்றும் பேரெண்கள் பொறிக்கப்பட்டு, அருகே வோல்ற்றைக் குறிக்கும் எழுத்தோடு வேறோர் எழுத்தும் ஒட்டியிருக்கும். அவை வோல்ற்று அல்ல, விற்பவரின் ஆசை.

ஆகவே கருவிக்கும் பொதிக்கும் நாடு இல்லை. கனடாவில் ஏற்றிய பொதி யாழ்ப்பாணத்திலும் அவ்வாறே இயங்கும். கருவிக்கு வேறுபாடு தெரியாது. நாடு உள்ளது மின்னேற்றி ஒன்றுக்கே. அது ஒருபுறத்தில் அந்நாட்டுச் சுவரோடும் மறுபுறத்தில் எந்நாட்டுக்கும் பொதுவான பொதியோடும் தொடர்புடையது. இந்த ஒன்றை மனத்திருத்தினால் மற்றவையெல்லாம் தாமே விளங்கும்.

உலக நாடுகள் ஏன் ஒரே அளவைக் கொள்ளவில்லை? எடிசன் 1882 இல் நியூயோர்க் நகரில் வழங்கிய மின்சாரம் ஏறக்குறைய 110 வோல்ற்று. அக்காலத்துக் கரியிழை விளக்குகளுக்கு அதுவே ஏற்றதாயிருந்தது. அமெரிக்காவும் கனடாவும் அதன் வழியிலே சென்று இன்று 120 வோல்ற்று, 60 அலைவு என நிற்கின்றன. ஐரோப்பா ஏறத்தாழ இருமடங்கு அழுத்தத்தைத் தேர்ந்தது. அழுத்தம் கூடின் அதே ஆற்றலைக் குறைந்த ஓட்டத்தோடு, மெல்லிய செப்புக் கம்பியிற் கொண்டு செல்லலாம். ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த நாம் அவர் வழியைப் பெற்றோம். யப்பானின் நிலை இன்னும் விந்தையானது. அங்கே 100 வோல்ற்று. அன்றியும், தோக்கியோவினர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜேர்மனியிலிருந்தும் ஒசாக்காவினர் அமெரிக்காவிலிருந்தும் மின்பிறப்பாக்கிகளை வாங்கியமையால், இன்றுவரை அந்நாட்டின் கிழக்கே 50 அலைவும் மேற்கே 60 அலைவுமாக இருக்கின்றது.

இனி, பட்டென்ற ஓசைக்கு வருவோம். இக்கால மின்னேற்றியினுள்ளே முதலில் இருப்பது சீராக்கி. அது சுவரிலிருந்து வரும் ஆடலோட்டத்தை ஒரே திசைக்குத் திருப்பி, உருளை வடிவான கொள்ளளவி ஒன்றில் நிரப்புகின்றது. 120 வோல்ற்று என நாம் சொல்வது ஒருவகைச் சராசரி. அலையின் உச்சி அதனிலும் ஏறக்குறைய 1.4 மடங்கு. எனவே கனடாவில் அக்கொள்ளளவி 170 வோல்ற்றைத் தாங்கினாற் போதும். உற்பத்தியாளர் 200 வோல்ற்றுத் தாங்கும் உறுப்பொன்றை வைத்துச் சிக்கனம் செய்வர். அது குற்றமன்று, அந்நாட்டுக்கு அது போதுமானது. அதனை நம் சுவரிற் செருகும்போது உச்சி 325 வோல்ற்றாகி விடுகின்றது. கொள்ளளவி வீங்கி வெடிக்கும். அல்லது அதற்கு முன்னே வைக்கப்பட்டிருக்கும் மிகை அழுத்தக் காப்புறுப்புத் தன்னைப் பலியிட்டு உருகியை அறுக்கும். எல்லாம் ஒரு செக்கனுக்குள் முடிந்துவிடும். "சிறிது நேரம் மட்டும் போட்டுப் பார்ப்போம்" என்பதற்கு இங்கே இடமில்லை.

பொதிக்கு இதனால் யாதேனும் நேருமா? பெரும்பாலும் நேராது. கேடு மின்னேற்றியின் முற்பகுதியிலேயே நின்றுவிடும். இதனை அறியாமையால் வரும் இழப்பே மிகப் பெரிது. நாம் அறிந்த தச்சர் ஒருவருக்குக் கனடாவிலிருந்து தமையனார் துளைகருவியும் வட்டவாளும் இரு பொதிகளும் அனுப்பியிருந்தார். மின்னேற்றி முதல் நாளே கரிந்தது. எல்லாம் பழுதாயின எனக் கருதிய அவர் ஈராண்டு காலம் யன்னற் சட்டங்களுக்குத் தம் பழைய துறப்பணத்தாலேயே துளையிட்டார். பின்னர் அதே நிறுவனத்தின் 230 வோல்ற்று மின்னேற்றி ஒன்றைக் கொழும்பிலிருந்து வருவித்தபோது, இரு பொதிகளுள் ஒன்று குறையேதுமின்றி ஏற்றம் கொண்டது. நாளொன்றுக்கு இரண்டு சட்டம் முடித்தவர் இப்போது ஐந்து முடிக்கின்றார். அந்த ஈராண்டுக் கூலியை யார் கொடுப்பது?

அந்த ஒன்றரை வரியை எவ்வாறு வாசிப்பது? மின்னேற்றியைக் கவிழ்த்துப் பார்த்தால் 'இன்புற்' என்னும் ஆங்கிலச் சொல்லைக் காணலாம். உட்செல்வது என்பது பொருள். அதனையடுத்துள்ள எண்ணே உயிர்நிலை. 100 முதல் 240 வரை என இரண்டு எண்களுக்கிடையே கோடிட்டு, 50/60 எனவும் இருந்தால், அம்மின்னேற்றி உலகப் பொதுவானது. செருகியின் வடிவம் ஒன்றையே மாற்றினாற் போதும். 220 முதல் 240 வரை என்றோ 230 என்றோ இருந்தால் அது நம் வீட்டுக்கே உரியது. 120 என்றோ 100 என்றோ ஒற்றை எண் இருந்தால், அதனை நேரே நம் சுவரிற் செருகலாகாது. 'அவுட்புற்' என்பது வெளிவருவது. 18 அல்லது 20 என்னும் எண் அங்கே காணப்படும். நம்மவர் பலர் இந்த இரண்டாவது எண்ணை மட்டும் நோக்கிவிட்டு, "18 தானே, சிறிய வோல்ற்று, அபாயமில்லை" என்று சொல்லி விடுகின்றனர். எழுவாயை விட்டுப் பயனிலையை மட்டும் வாசித்தால் வாக்கியம் பொருள் தருமா?

கைத்தொலைபேசியின் மின்னேற்றியும் மடிக்கணினியின் மின்னேற்றியும் பெரும்பாலும் உலகப் பொதுவானவை. அப்பழக்கமே இங்கு நம்மை ஏமாற்றுகின்றது. "ரெலிபோன் சார்ஜர் வேலை செய்கின்றது, இது செய்யாதா?" என்பது நியாயமான கேள்வியே. ஆனால் கருவிகளின் மின்னேற்றிகளைப் பெரும் நிறுவனங்கள் பெரும்பாலும் நாட்டுக்கு நாடு வெவ்வேறாகவே செய்கின்றன. வெளிப்புறம் ஒரே நிறம், ஒரே வடிவம், மாதிரி எண்ணும் சிலவேளை ஒன்றே. உள்ளே வேறு.

நாடுகளை விரைந்து கூறுவோமாயின், இங்கிலாந்து, ஐரோப்பா, அவுஸ்திரேலியா, சிங்கப்பூர், இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியம் ஆகியவற்றின் வீட்டு மின்சாரம் நம்முடையதை ஒத்தது. கனடா, அமெரிக்கா, யப்பான், தாய்வான் ஆகியவை ஒவ்வாதவை. இங்கிலாந்தைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை உண்டு. அங்கே கட்டட வேலைத்தளங்களில், வேலையாட்களின் காவலுக்காக, 110 வோல்ற்று மின்சாரமே வழங்கப்படுகின்றது. மஞ்சள் நிறப் பெட்டியொன்று 230 ஐ 110 ஆக்கும், அதன் நடுப்புள்ளி புவியோடு இணைக்கப்பட்டிருப்பதால், எந்தக் கம்பியைத் தொட்டாலும் புவிக்கு எதிரே 55 வோல்ற்றே உண்டு, ஆள் தப்பிவிடுவான். நல்ல ஏற்பாடு. இத்தளங்களுக்கென 110 வோல்ற்று மின்னேற்றிகளும் விற்கப்படுகின்றன. பழைய பொருளாக மலிவாகக் கிடைத்ததென்று அதனை வாங்கி, மஞ்சள் நிற வட்டச் செருகியை அறுத்தெறிந்துவிட்டு, 13 அம்பியர்ச் செருகியைப் பூட்டினால், இலண்டனில் வாங்கிய பொருளும் கனடாப் பொருளின் கதியையே அடையும். "இலண்டன் சாமான், பயமில்லை" என்னும் வழக்கு இங்கே செல்லாது.

செருகியின் வடிவத்தை மாற்றும் சிறு துண்டொன்று பயணிகள் கடைகளில் விற்கப்படுகின்றது. அது முள்ளின் வடிவத்தை மாற்றுமேயன்றி வோல்ற்றளவை அணுவளவும் மாற்றாது. வாங்குவோருட் பாதிப்பேர் இதனை நிலைமாற்றி என்றே எண்ணுகின்றனர். வேறொரு வழக்கமும் நம் வீடுகளில் உண்டு: 13 அம்பியர்க் குதையின் மேற்றுளையில் எழுதுகோலையோ திருப்புளியையோ நுழைத்து மூடியைத் திறந்து, இருமுள் செருகியைத் திணித்தல். அத்துளை புவித்தொடுப்புக்கு உரியது. அந்த மூடி குழந்தைகளின் விரலைக் காக்க 1947 ஆம் ஆண்டின் பிரித்தானிய நியமத்திலேயே விதிக்கப்பட்டது. தளர்வாக நிற்கும் முள் பொறி பறக்கும், வெப்பமுறும், குதையே உருகும். இரண்டு மணிநேரம் தொடர்ந்து ஏற்ற வேண்டிய மின்னேற்றிக்கு இவ்வேற்பாடு தகாது. செருகியையே மாற்றிப் பூட்டுவதற்கு ஆகும் செலவு அற்பம்.

120 வோல்ற்று மின்னேற்றி வந்தேவிட்டது, கரியவும் இல்லை என்றால் என் செய்வது? படிகுறை நிலைமாற்றி ஒன்றை இடையிலே வைக்கலாம். அதன் அளவைத் தெரிவதில் கவனம் வேண்டும். விரைவு மின்னேற்றி ஒன்று 6 அம்பியர் கொடுக்குமாயின், 21 வோல்ற்றில் அது 126 வாற்று; இழப்பையும் சேர்த்துச் சுவரிலிருந்து ஏறக்குறைய 150 வாற்று எடுக்கும். இன்னும் விரைவானவை 200 வாற்றையும் கடக்கும். அன்றியும் இவை ஓட்டத்தைச் சீராக எடாமல் அலையின் உச்சியில் மட்டும் பறித்தெடுப்பவை. ஆதலின் தகட்டிலுள்ள வாற்றளவின் இருமடங்கேனும் தாங்கும் நிலைமாற்றியே தகும். 500 வாற்று வகை பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். நிலைமாற்றி மீடிறனை மாற்றாது; 50 அலைவு 50 அலைவாகவே வரும். இக்கால மின்னேற்றி எல்லாவற்றையும் முதலிலேயே நேரோட்டம் ஆக்கிவிடுவதால் இதனாற் குறை நேர்வது அரிது. பழைய நிக்கல்-கட்மியக் கருவிகளோடு வந்த, கையில் எடுத்தாற் கனக்கும் இரும்பு நிலைமாற்றி மின்னேற்றிக்கோ இது பொருந்தாது. 60 அலைவுக்கெனச் செய்த இரும்பு 50 அலைவில் அதிகம் சூடாகும்.

கைக்கு அடக்கமாய், மிக இலேசாய், "1600 வாற்று" எனப் பெருமை பேசும் பயண மாற்றிகளும் உண்டு. அவை தலைமயிர் உலர்த்திக்கும் மின்னழுத்திக்கும் ஆனவை. அலையை வெட்டி வெட்டிக் கொடுப்பவை. மின்னணு உறுப்புக்கள் நிறைந்த மின்னேற்றிக்கு அவற்றைப் பயன்படுத்தலாகாது. கனமில்லாத நிலைமாற்றியை நம்பலாகாது என்பது கடைக்காரருக்கும் தெரிந்த உண்மை.

இவையனைத்தினும் நேரிய வழி ஒன்று உளது. கருவிக் கடைகளில் மின்னேற்றியும் பொதியும் இன்றிக் கருவியை மட்டும் தனியே விற்கின்றனர். விலையும் கணிசமாகக் குறையும். கனடாவிலுள்ள அன்பர் அவ்வாறு கருவியை வாங்கி வரட்டும். அதே நிறுவனத்தின் 230 வோல்ற்று மின்னேற்றியை இங்கேயோ, வரும் வழியிற் சிங்கப்பூரிலோ துபாயிலோ வாங்கலாம். வாங்குமுன் இங்குள்ளவரிடம் எந்த நிறுவனத்தின் மின்னேற்றி ஏற்கெனவே உண்டு என்று கேட்டல் மிக நன்று. ஒருவர் மகிற்றாவும் மற்றவர் டிவோல்ற்றும் இன்னொருவர் பொஷ்ஷுமாகக் கல்லூரிக்குத் தந்தால், ஒன்றின் பொதி மற்றொன்றிற் பொருந்தாது; கூடத்தின் மேசை முழுதும் மின்னேற்றிகளே நிறையும். ஒரே நிறுவனத்தின் ஒரே தொகுதியாயின் நான்கு கருவிகளுக்கு ஒரு மின்னேற்றி போதும். உத்தரவாதம் என்பது பொதுவாக வாங்கிய நாட்டுக்கே உரியது என்பதையும் நினைவிற் கொள்க.

பொதியை விமானத்திற் கொணர்வதற்கு விதிகள் உண்டு. கருவி பெரிய பெட்டியினுட் செல்லும். கழற்றிய பொதி கையோடு செல்லவேண்டும். விமானத்தின் அடித்தளத்தில் தீப்பற்றினால் அணைப்பார் அங்கில்லை; அதனாலேயே இவ்விதி. பொதியின் அளவை வாற்று-மணி என்னும் அலகால் அளப்பர்: 18 வோல்ற்றை 5 அம்பியர்-மணியாற் பெருக்கினால் 90 வாற்று-மணி. 100 வரை கொணரலாம். 100 க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அவ்வளவினவற்றுள் மேலதிகமாக இரண்டுக்கு மேற் கூடாது. 160 ஐக் கடந்தது பயணியோடு வரமாட்டாது. அதிகாரிகள் பொதியில் அச்சிட்ட எண்ணையே நோக்குவர். கணக்கிட்டுக் காட்டி வாதாடிப் பயனில்லை. உலோக முனைகளைப் பிளாஸ்ரிக் உறையால் மூடி வைக்கவேண்டும். சாவிக்கொத்தோடு சேர்த்து வைத்தல் அபாயம். தனிப் பொதிகளைப் பயணிகள் விமானத்திற் சரக்காக அனுப்புவது 2016 ஏப்பிரில் முதல் முற்றாகத் தடுக்கப்பட்டுள்ளது. கப்பற் பொதியில் அனுப்புவோர் உள்ளே இலிதியப் பொதி இருப்பதை மறையாது முகவரிடம் கூறுதல் வேண்டும்.

இனி வீட்டில் ஏற்றும் முறை. கனடாவில் உள்ளவர் பனிக்காலத்துக் கராஜில் வைத்து ஏற்றக்கூடாது என்று கற்றிருப்பர். உறைநிலைக்குக் கீழே ஏற்றினால் இலிதியம் மின்வாயின் மேல் உலோகமாகப் படிந்து கலம் கெடும். நமக்குள்ள துன்பம் இதன் மறுதலை. உற்பத்தியாளர் பெரும்பாலும் 40 பாகை செல்சியசை மேல்வரம்பாகக் கூறுவர். சித்திரை வைகாசி மாதங்களில் நண்பகல் வேளை தகரக் கொட்டிலினுள் அவ்வரம்பு எளிதிற் கடக்கப்படும். கடுவேலை செய்து சூடேறிய பொதியை உடனே செருகினால், நல்ல மின்னேற்றி ஏற்ற மறுத்து விளக்கைச் சிமிட்டும், மலிவு மின்னேற்றி மறுக்காது ஏற்றும், அதுவே அபாயம். அரைமணி நேரம் நிழலில் ஆறவிட்டு, வீட்டினுள்ளே காற்றோட்டமான இடத்தில், சீமெந்துத் தரையில் வைத்து ஏற்றுக. மரத்தூள் பரந்த மேசை, மெத்தை, துணிக்குவியல் ஆகியவை ஆகா. இரவு முழுதும் செருகிவிட்டு உறங்குதலும் ஆகாது. 5 அம்பியர்-மணிப் பொதி விரைவு மின்னேற்றியில் ஒரு மணித்தியாலம் அளவிலும், 2 அம்பியர் மின்னேற்றியில் ஏறக்குறைய மூன்று மணித்தியாலத்திலும் நிறையும். செலவைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. ஏறக்குறைய ஒன்பது முறை ஏற்றினாலே ஓர் அலகு மின்சாரம் ஆகும்.

ஐப்பசி கார்த்திகை இடிமின்னற் காலத்தில், ஏற்றி முடிந்ததும் சுவரினின்று கழற்றிவிடுக; ஆளியை நிறுத்தினால் மட்டும் போதாது. மின்தடையின் பின்னர் மின்சாரம் மீளும் கணத்தில் அழுத்தம் தடுமாறுவதுண்டு. 2022 ஆம் ஆண்டு பங்குனி இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின் நின்ற காலத்தை யாவரும் அறிவர். அக்காலத்தில் ஏற்றிய பொதி கையில் இருந்தோர் தொழிலை விடவில்லை. துவிச்சக்கரவண்டியின் தைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட 1990 ஆம் ஆண்டுகளின் தலைமுறைக்கு, சேமித்த மின்சாரத்தின் அருமையை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மின்மாற்றுப் பெட்டியினின்று ஏற்றுவோர் அது தூய அலையைத் தருவதா என விசாரித்தல் நன்று; படிக்கட்டுப் போன்ற அலை தரும் மலிவுப் பெட்டிகளைச் சில மின்னேற்றிகள் பொறுப்பதில்லை. வாகனத்தின் 12 வோல்ற்று நேரோட்டத்தில் ஏற்றும் மின்னேற்றிகளையும் சில நிறுவனங்கள் விற்கின்றன. அவற்றுக்கு நாட்டுவேறுபாடு இல்லை.

அலுமாரியில் ஏற்கெனவே உறங்கும் கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. மின்னேற்றி ஒன்றே கரிந்ததாயின் அதே நிறுவனத்தின் 230 வோல்ற்று மின்னேற்றியை வாங்கிப் பொதியைச் செருகிப் பாருங்கள். பல ஆண்டுகள் வெறுமையாய்க் கிடந்த பொதி அழுத்தம் மிகத் தாழ்ந்து, மின்னேற்றியால் ஏற்கப்படாமற் போகலாம். அப்போது வேறொரு மின்கலத்தைக் கம்பியால் இணைத்து அதனை உயிர்ப்பிக்க முயலும் வித்தையை இளைஞர் சிலர் செய்கின்றனர். அவ்வாறு தாழ்ந்த கலத்தினுள்ளே செம்பு கரைந்து படிந்திருக்கக்கூடும். ஏற்றும்போது உள்ளேயே குறுஞ்சுற்று உண்டாகித் தீப்பிடிக்கலாம். வீங்கியதையும், நீரில் நனைந்ததையும், மின்னேற்றி மறுத்ததையும் விட்டுவிட்டுப் புதுப் பொதி வாங்குக. கருவியோ பெரும்பாலும் பெட்டியைத் திறந்த நாளில் இருந்தவாறே இருக்கும்.